சாம்பல் நிறக் காருக்கு ஒரு குரல்

மனித குலத்தின் வரலாறு ஓசையின் வரலாறே ஆகும். அரசன் வருமுன் முரசு வந்தது. மழை வருமுன் இடி வந்தது. உலகத்தில் எந்தப் பெரிய காரியமும் சத்தமில்லாமல் நடந்ததில்லை. சத்தமில்லாமல் வந்த எவனையும் உலகம் எழுந்து நின்று வரவேற்றதும் இல்லை.

பதிவேட்டுப் பிரிவின் கண்காணிப்பாளர் தம் காருக்குள் உட்கார்ந்தபடி இந்த உண்மையைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தபோது, காவலாளி அந்தக் காரின் மூக்குக்கு நேராக அலுவலகக் கேட்டை இழுத்துச் சாத்தினார். சாத்திவிட்டுக் கொண்டி போட்டார். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரத் தொடங்கினார்.

ஹாரன் அடிக்க வழியில்லை. பக்கத்தில் மருத்துவமனை. கேட்டின் மேலேயே ‘ஹாரன் அடிக்காதீர்’ என்று ஒரு பலகை. அந்தப் பலகை வேண்டும் என்று மூன்று முறை மேலிடத்துக்கு எழுதிப் போட்டு வாங்கி மாட்டியவர் கண்காணிப்பாளரேதான். ஆகவே கண்ணாடியை இறக்கி, “தம்பி” என்றார். சீப்பு இடது பக்கம் போயிற்று. “தம்பி” என்றார். சீப்பு வலது பக்கம் வந்தது. நாலாவது தம்பிக்குத்தான் காவலாளி திரும்பினார்.

“அய்யய்யோ, சார்! நீங்களா? வந்ததே தெரியலையே. எவ்ளோ நேரமா நிக்கறீங்க?”

“இப்பதான் வந்தேன்,” என்றார் கண்காணிப்பாளர். பதினோரு நிமிடம் ஆகியிருந்தது.

தப்பு காவலாளியுடையது மட்டும் இல்லை. அந்தக் காரை அதன் சொந்தக்காரர் வளர்த்த விதம் அப்படி. சாம்பல் நிறம், சின்ன வண்டி. மாதா மாதம் எண்ணெய் மாற்றி, கீல் கீலாக கிரீஸ் வைத்து, ஒரு நட்டு முனகினாலும் உடனே பட்டறைக்குக் கொண்டுபோய், கடைசியில் அது இருப்பதே யாருக்கும் தெரியாத அளவுக்குக் கொண்டுவந்திருந்தார். கதவைச் சாத்தினால்கூட மன்னிப்புக் கேட்பதுபோல ஒரு ‘தப்’. மனிதரும் வண்டியைப் போலவேதான். குதிகால் வலிக்காக டாக்டர் எழுதிக்கொடுத்த ரப்பர் செருப்பு, மெல்லிசான குரல், கதவைத் தட்டினால் காற்று என்று நினைக்கும்படியான கை.

இதன் பலனை ஒரு பிற்பகல் அவர் காதாலேயே கேட்டார். பதிவேட்டு அறைக்குள் நுழைகிறார். அலமாரிக்கு அந்தப் பக்கம் தட்டச்சர் கேட்கிறார்:

“என்னக்கா, பூனை வந்துட்டுப் போயிடுச்சா?”

“இன்னும் வரல. எப்ப எந்த மூலையிலேருந்து குதிக்கும்னு யாருக்குத் தெரியும்? நீ முதல்ல அந்தத் தீனிய உள்ள வை,” என்றார் தலைமை எழுத்தர். பிரிவு மொத்தத்துக்கும் அவர் அக்கா.

கண்காணிப்பாளருக்குப் பகீரென்றது. நாற்பது வருடத்துப் பதிவேடுகள் இருக்கிற அறையில் பூனையா! அன்று மாலை எல்லோரும் போன பிறகு டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு அலமாரிகளுக்கு அடியில் தவழ்ந்து பார்த்தார். ஒரு பேனா மூடி கிடைத்தது. மறுநாள் சுற்றறிக்கை போட்டார். ‘பதிவேட்டு அறையில் பூனை நடமாட்டம் இருப்பது என் கவனத்துக்கு வந்துள்ளது. பணியாளர்கள் அப்பூனைக்கு இடம் கொடுப்பதோ, அதனிடம் செல்லம் கொஞ்சுவதோ கண்டிப்பாகத் தடை செய்யப்படுகிறது.’ தட்டச்சர் அதை அடித்து முடிப்பதற்குள் இரண்டு முறை வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்தார். ஒன்பது பேரும் ‘படித்தேன், கடைப்பிடிப்பேன்’ என்று கையெழுத்துப் போட்டார்கள். இவ்வளவு சீக்கிரம் எந்தச் சுற்றறிக்கையிலும் அவர்கள் கையெழுத்துப் போட்டதில்லை.

நாலாம் நாள், மாடிப்படியில் காவலாளி தலைமை எழுத்தரிடம் சொல்லிக்கொண்டே ஏறினார்:

“என்னக்கா, பூனையே பூனைக்குத் தடை போட்டிருக்காமே?”

“அத ஏன் கேக்கற. யாரோ போட்டுக் குடுத்துட்டாங்கன்னுதான் முதல்ல நெனச்சேன். கடைசியில பாத்தா, மனுசனுக்கு விசயமே புரியல. பாவம்.”

அவர்களுக்கு இரண்டு படி பின்னால், ரப்பர் செருப்பில், பூனை வந்துகொண்டிருந்தது.

மனிதர் அன்று இடிந்துபோனார். கண்ணாடி முன் நிற்கும்போது மீசையைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். பூனை என்ற சொல்லைவிட, அந்தப் ‘பாவம்’தான் நெஞ்சில் முள்ளாக நின்றது. எப்படியாவது அந்தப் பெயரைத் துடைத்தாக வேண்டும். ஓய்வு பெறுகிற நாளில் மேடையில் ஆயிரம் புகழ்ந்தாலும், கீழே உட்கார்ந்திருக்கிறவர்கள் மனசுக்குள் மியாவ் என்றுதானே சொல்லிக்கொள்வார்கள்?

வீட்டிலும் பெரிய வாழ்வு ஒன்றும் இல்லை. அவர் எப்போது வருவார் என்று தெரியாததால், மனைவி ஐந்து மணிக்கே டீயைப் போட்டு ஃபிளாஸ்க்கில் ஊற்றி வைத்துவிடுவார். அவர் ஆறுக்கு வந்தாலும் ஏழுக்கு வந்தாலும் ஃபிளாஸ்க் வாசனைதான். கல்லூரிக்குப் போகும் மகள் அவரைக் கூடத்தில் பார்த்து, “அப்பா, நீங்க எப்பப்பா வந்தீங்க?” என்று கேட்காத நாள் இல்லை. வீட்டில் அவருக்கு ஒழுங்காக மரியாதை கொடுத்தது கூடத்து மூங்கில் நாற்காலி ஒன்றுதான். அவர் உட்கார்ந்தால் அது மட்டும் ‘கிரீச்’ என்று சொல்லும்.

மனைவியின் தம்பியைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் புதிதாக வாங்கிய அந்த மூங்கில் நாற்காலியோடு குடும்பப் படம் எடுத்தார்கள். அப்போது அந்த மைத்துனன், “அத்தான், கொஞ்சம் ஓரமா நில்லுங்க, நாற்காலிய மறைக்கறீங்க,” என்று சொல்லிவிட்டான். அன்றே, “இனிமே இவன் என் வீட்டுப் படி ஏறக்கூடாது” என்று கண்காணிப்பாளர் உத்தரவு போட்டார். மெல்லிசாகத்தான் சொன்னார், ஆனால் சொன்னார்.

ஆக, முரசும் இடியும் பற்றிய ஞானம் அலுவலக வாசலில் உதித்ததும், அந்தச் சனிக்கிழமையே வண்டியை ‘சைலன்சர் நிபுணர்’ என்று பலகை தொங்கிய கொட்டகைக்கு விட்டார். நிபுணர் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு வந்தார்.

“என்ன சார், ஓட்டையா?”

“ஓட்டை இல்ல. சத்தம் வேணும்.”

நிபுணரின் முகம் மாறியது. ஒரு காலி டின்னைத் துடைத்துப் போட்டார். “உக்காருங்க சார். எந்த மாதிரி சத்தம்?”

“கொஞ்சம்... கம்பீரமா.”

“கம்பீரம்னுதான் எல்லாரும் கேக்கறாங்க. எனக்கு அது பத்தாது. வாயால போட்டுக் காட்டுங்க.”

“எத?”

“சத்தத்த. உங்க மனசுல ஓடுதே, அந்தச் சத்தத்த வாயால போடுங்க. அதக் காதுல வாங்கிட்டுத்தான் நான் குழாய்ல கை வைப்பேன். அளவெடுக்காம துணிய வெட்டுவாங்களா சார்?”

கண்காணிப்பாளர் பின்னால் திரும்பிப் பார்த்தார். “எல்லாரும் போடறாங்களா?”

“போன வாரம் ஒரு பல் டாக்டர் வந்தாரு. சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமாப் போட்டாரு. ரெண்டு தெரு தள்ளிலேருந்து ஆளுங்க எட்டிப் பாத்தாங்க.”

பல் டாக்டரே போட்டிருக்கிறார் என்றால் கௌரவக் குறைவு இல்லை. கண்காணிப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். சட்டைக் காலரைச் சரி செய்தார். போட்டார். “புர்.”

“இது டீ ஆத்தற சத்தம் சார்.”

“புர்ர்.”

“இது சளி. வயித்துலேருந்து வரணும். உங்களுக்கு யார் மேலயாவது கோவம் இருக்கா?”

“சேச்சே, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல.”

“நல்லா யோசிச்சுப் பாருங்க.”

கண்காணிப்பாளர் யோசித்தார். காவலாளியின் சீப்பு கண்முன் வந்தது. ஒன்பது கையெழுத்துகள் வந்தன. ‘நாற்காலிய மறைக்கறீங்க’ வந்தது. கண்ணை மூடிக்கொண்டார், இரண்டு கையாலும் டின்னைப் பிடித்துக்கொண்டார். அடிவயிற்றிலிருந்து கிளம்பியது:

“புர்ர்ர்ர்ரூம்ம்ம்ம்!”

கூரை மேலிருந்த காக்கை எழுந்து பறந்தது. நிபுணர் கண்களை மூடி, தலையை மெல்ல ஆட்டி, கச்சேரி கேட்கிறவரைப்போல் ரசித்தார்.

“இதுதான் சார். இதுதான் உங்க குரல். இத்தன நாளா உள்ளயே வச்சிருந்திருக்கீங்க. கடைசியில மட்டும் ஒரு விசில் வருது. அது உங்க பல்லு. அத நான் எடுத்துடறேன்.”

பிறகு வண்டியை ஏற்றித் தூக்கி, சைலன்சரை அறுத்து, உள்ளேயிருந்த தடுப்புத் தகடுகளையும் கருகிய பஞ்சையும் வெளியே கொட்டினார். “பாருங்க சார், இதெல்லாம்தான் வண்டியோட வாயப் பொத்திக்கிட்டிருந்துச்சு,” என்றார் இரக்கத்தோடு. நேர்க்குழாய் ஒன்றை வைத்துப் பற்றவைத்து, அதன் நுனியில் நாதசுர வாய்போல் ஒரு பளபளப்பை மாட்டினார். “இஞ்சின் சின்னது. நெஞ்சு சின்னதா இருந்தா தொண்டை என்ன பண்ணும்? ஆனா நாம விடப் போறதில்ல.”

வண்டியைக் கிளப்பியபோது எழுந்த ஓசையைக் கர்ஜனை என்றார் நிபுணர். தகரக் கூரை மேல் காலி டிரம்மை உருட்டிக்கொண்டே யாரோ ஏப்பம் விடுவதுபோல இருக்கிறது என்றார் எதிர்க்கடைக்காரர். கண்காணிப்பாளருக்கு எதுவும் கேட்கவில்லை. காது அடைத்துவிட்டது. கண்ணில் மட்டும் நீர் நின்றது.

திங்கட்கிழமை காலையிலேயே உலகம் திருந்திவிட்டது.

சிக்னல் தாண்டி அலுவலகத்துக்கு மூன்று நிமிடப் பாதை. அவர் வந்து சேர்ந்தபோது கேட்டு அகலத் திறந்திருந்தது, காவலாளி விறைப்பாக நின்று சலாம் வைத்தார், சீப்பைக் காணோம். மாடியில் ஒன்பது தலைகளும் ஒன்பது கோப்புகளுக்குள் கவிழ்ந்திருந்தன. பேச்சு இல்லை, சிரிப்பு இல்லை. தட்டச்சர் அடித்த வேகத்தில் மேசையே நடுங்கியது. தலைமை எழுத்தர் எழுந்து நின்று, “வணக்கம் சார்,” என்றார். அவர் எழுந்து நிற்கும்போது எவ்வளவு உயரம் என்பதையே கண்காணிப்பாளர் அன்றுதான் பார்த்தார்.

‘நிர்வாகம் என்பது குரல்’ என்று அவர் தமக்குள் சொல்லிக்கொண்டார். அன்று சாப்பாட்டு வேளையில் பக்கத்துப் பிரிவுக் கண்காணிப்பாளரிடம் வாய்விட்டும் சொன்னார். அவர் அரை மணி நேரம் தலையாட்டிக் கேட்டுவிட்டு, “உங்க வண்டில ஏதோ உடைஞ்சிருக்கு போல, பாத்தீங்களா?” என்றார். பொறாமைக்கு மருந்து ஏது.

வீட்டில் அதைவிடப் பெரிய அதிசயம். செருப்பைக் கழற்றிவிட்டு மூங்கில் நாற்காலியில் உட்கார்ந்ததும், மனைவி கையில் டீ கிளாஸோடு வந்து நின்றார். ஒரு மடக்கு குடித்தார். நாக்கு வெந்துவிட்டது.

“என்ன, இன்னிக்கு இவ்ளோ சூடா இருக்கு?”

“இப்பதாங்க போட்டேன். நீங்க வர்ற சத்தம் கேட்டுச்சு.”

வெந்த நாக்கை வாய்க்குள் உருட்டிக்கொண்டே அவர் பின்னால் சாய்ந்தார். பதினைந்து வருடத்து ஃபிளாஸ்க் வாசனையை ஒரே நாளில் ஒழித்த குழாய்! டீ மட்டும் இல்லை. நாற்காலியும் வெதுவெதுப்பாக இருந்தது. அதையும் ஒரு மரியாதை என்றே எடுத்துக்கொண்டார்.

இப்படி நாலு மாதம். மனிதர் பூரித்துப் போனார். சுற்றறிக்கை எழுதும் பேனாவின் மை காய்ந்துபோயிற்று. விடுப்புக் கடிதங்களில் காரணம் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். மகள் கேட்காமலே, “எந்தப் பாடம் போகுது?” என்று விசாரித்தார். மண்டை தினமும் வலித்தது உண்மைதான். பெரிய பொறுப்பில் இருக்கிறவர்களுக்கு அது சகஜம் என்று விட்டுவிட்டார். பூனை என்ற சொல் அவர் காதில் விழுவதே நின்றுபோயிற்று. எதுவுமே அவர் காதில் அவ்வளவாக விழவில்லை என்பது வேறு விஷயம்.

ஐந்தாம் மாதம், ஒரு நாற்சந்தியில் போக்குவரத்துக் காவலர் அம்மாள் கையைக் காட்டினார். சலாம் வைக்கத்தான் நிறுத்துகிறார் என்று நினைத்துக் கண்காணிப்பாளர் கண்ணாடியை இறக்கினார்.

“சார், வண்டிக்கு அடியில ஏதோ கழண்டு விழுந்துடுச்சு போல. ரொம்ப தூரத்துலேருந்து இப்படியேவா வர்றீங்க? பாவம்.”

மறுபடியும் பாவம்! “கழண்டெல்லாம் விழலம்மா,” என்றார் கொஞ்சம் விறைப்பாக.

“வேணும்னே பண்ணதா?” அம்மாள் நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். “வேணும்னே பண்ணியிருந்தா குத்தம். கேஸ் எழுதி, உங்க ஆபீசுக்கும் ஒரு கடிதம் போகும். தானா கெட்டுப் போயிருந்தா ஏழு நாள் டைம் தரலாம், சரி பண்ணிக் காட்டிடணும். எது சார்?”

ஒரு பக்கம் கர்ஜனை. மறுபக்கம் அலுவலகத்துக்குக் கடிதம். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. கண்காணிப்பாளர் ஸ்டியரிங்கைப் பார்த்துச் சொன்னார்:

“கெட்டுப் போச்சு.”

“சத்தமா சொல்லுங்க சார், உங்க வண்டிச் சத்தத்துல கேக்கல.”

“கெட்டுப் போச்சும்மா!”

மறுநாள் அதிகாலையிலேயே கொட்டகைக்குப் போனார். நிபுணர் கண் கலங்கினார். “பாடறவன் வாயில துணிய அடைக்கச் சொல்றீங்களே சார்,” என்றார். ஆனாலும் அடைத்தார். பல் டாக்டர் வண்டியிலிருந்து கழற்றி மூலையில் போட்டிருந்த சைலன்சர் சரியாகப் பொருந்தியது. பல் டாக்டர் வண்டி முன்பு எவ்வளவு அடக்கமானது என்பது அதை மாட்டிய பிறகுதான் தெரிந்தது. பழைய சத்தம்கூட இல்லை. சாவியைத் திருப்பிவிட்டு, வண்டி கிளம்பிவிட்டதா என்று நிபுணரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அங்கிருந்து நேரே அலுவலகத்துக்குச் சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்தார். காவலாளி நாற்காலியில் இல்லை. கேட்டைத் தாமே திறந்து, வண்டியை விட்டு, தாமே சாத்தினார். மாடி ஏறினார். பதிவேட்டு அறையில் ‘டக், டக்’ என்று ஒரு சத்தம். அலமாரி இடுக்கு வழியாகப் பார்த்தார். எழுபத்தொன்பதாம் வருடத்துப் பேரேடுகள் நாலை அடுக்கி அதன் மேல் கேரம் பலகை. சுற்றிலும் பதிவேட்டுப் பிரிவு. காவலாளி குனிந்து குறி பார்த்துக்கொண்டிருந்தார்.

“சத்தம் வருதா பாருடா,” என்றார் தலைமை எழுத்தர்.

“இன்னும் சிக்னலே தாண்டல அக்கா. தாண்டினாலும் மூணு நிமிசம் இருக்கு,” என்றார் ஜன்னலோரம் நின்ற ஒரு எழுத்தர். பிறகு காவலாளியிடம், “நீ சிவப்ப அடி.”

“நாலு மாசமா எவ்ளோ நிம்மதி! முன்னெல்லாம் காய்ல ஒரு கண்ணு, கதவுல ஒரு கண்ணு,” என்றார் தட்டச்சர். “யாரு மணி கட்டறதுன்னு நாம முழிச்சிக்கிட்டிருந்தோம். பூனை தானே கடைக்குப் போயி, மணிய வாங்கிக் கட்டிக்கிட்டு வந்துடுச்சு.”

சிரிப்பில் கேரம் காய்கள் ஆடின. கண்காணிப்பாளர் அலமாரியைப் பிடித்துக்கொண்டார்.

“ஏய், போதும்,” என்றார் தலைமை எழுத்தர். “மனுசன் இப்ப நல்லாத்தான் இருக்காரு. என் பையனுக்கு உடம்பு சரியில்லன்னு லீவு கேட்டேன், ஒரு வார்த்த கேக்காம கையெழுத்துப் போட்டாரு. அவர் முகத்துக்காகத்தான் நான் ஒரு பேப்பர்கூடப் பாக்கி வைக்கறதில்ல. ஆடுனது போதும், எடுத்து வைங்க. பாவம், வர்ற நேரம்.”

கண்காணிப்பாளர் வந்த வழியே திரும்பி, தம் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மை காய்ந்த பேனாவை உதறி, ‘பதிவேட்டு அறையில் கேரம் நடமாட்டம்’ என்று தொடங்கினார். ஆதாரத்துக்கு நிலுவைப் பட்டியலை எடுத்துப் பார்த்தார். நிலுவை ஒன்றுமில்லை. நாலு மாதமாக ஒரு காகிதம்கூடத் தேங்கவில்லை. பதிவேட்டுப் பிரிவின் வரலாற்றில் அப்படி ஒரு நாலு மாதம் இருந்ததே இல்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்று முழுவதும் ஒன்றும் எழுதவில்லை.

போகட்டும், வீடு இருக்கிறது. கட்டின மனைவியும் பெற்ற மகளும் கொடுக்கிற மரியாதை போலியாகுமா? சூடான டீ பொய் சொல்லுமா? அந்த ஒரே ஆறுதலோடு மாலையில் வண்டியை விட்டார். தெருவில் குழாய்ப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். வாசல் கதவு திறந்திருந்தது. உள்ளே சீட்டுக் கட்டு கலைக்கும் ஓசை.

மூங்கில் நாற்காலியில் மைத்துனன். ஒரு காலை மடக்கிப் போட்டு, சௌகரியமாக. எதிரே தரையில் மனைவியும் மகளும், கையில் சீட்டு. நாற்காலி தினமும் வெதுவெதுப்பாக இருந்த காரணம் கண்காணிப்பாளருக்கு அந்த நொடியில் விளங்கிவிட்டது.

ஒரு அடி எடுத்து வைத்தால் போதும். மூன்று வருடத்து உத்தரவை மீறியவன் கையும் களவுமாக, சீட்டும் சீட்டுமாக. பூனையாக இருப்பதன் முழு லாபமும் அவர் காலடியில் கிடந்தது. மூச்சை இழுத்தார்.

“ஏம்மா, அப்பா வண்டி இன்னும் வரலையே?” என்றாள் மகள். “இவ்ளோ நேரத்துக்கு மாமா பின்பக்கமா ஓடியிருக்கணும்.”

“அதத்தான் நானும் பாக்கறேன்,” மனைவி சீட்டைக் கவிழ்த்து வைத்தார். “ஏதாவது ஆயிருக்குமோ? இந்த நாலு மாசத்துல இப்படி லேட்டானதே இல்ல.”

“நான் வேணா முனை வரைக்கும் போய்ப் பாத்துட்டு வரட்டுமாக்கா?” மைத்துனன் எழுந்தே விட்டான். “என்னப் பாத்தா அத்தான் திட்டுவாரு. திட்டினா திட்டட்டும். பரவால்ல.”

“நீ ஒண்ணும் போவாத. இப்பதான் மனுசன் நாலு மாசமா சிரிச்ச முகமா இருக்காரு. டீய ரசிச்சுக் குடிக்கறாரு. அதக் கெடுத்துடாத.”

கண்காணிப்பாளரின் பார்வை கூடத்தைத் தாண்டிச் சமையலறைக்குப் போயிற்று. அடுப்பின் மேல் பாத்திரத்தில் அளந்து ஊற்றிய தண்ணீர். பக்கத்தில் தூள் போட்ட கரண்டி. அவருடைய கிளாஸ், கழுவிக் கவிழ்த்தபடி. அதன் மேல் தீப்பெட்டி. எல்லாம் அவருடைய சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தன.

இழுத்த மூச்சை மெல்ல விட்டார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். வந்த சுவடு தெரியாமல் படி இறங்கினார். அதில் அவருக்கு இணை இந்த ஊரில் யாரும் இல்லை.

முனைக்கு வந்து வண்டியில் உட்கார்ந்தார். ஹாரன் அடிக்கலாம். ஆனால் ஹாரன் போகிற வருகிற எல்லோரும் அடிப்பது. அதைக் கேட்டு எந்த வீட்டிலும் யாரும் அடுப்புப் பற்றவைப்பதில்லை. சாவியைத் திருப்பி ஆக்சிலரேட்டரை மிதித்துப் பார்த்தார். பல் டாக்டரின் சைலன்சர் பெருமூச்சு விட்டது, அவ்வளவுதான். இறங்கினார். காலரைச் சரி செய்துகொண்டார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பள்ளம் தோண்டுகிறவர்கள் கடப்பாரைகளைச் சாய்த்துவிட்டுப் போயிருந்தார்கள். கோபத்துக்கு யாராவது அகப்படுகிறார்களா என்று மனசுக்குள் தேடினார். சீப்பு வந்தது, கேரம் பலகை வந்தது, மடித்த காலோடு மைத்துனன் வந்தான். யார் மேலும் கோபம் வரவில்லை. டீ ஞாபகம்தான் வந்தது. ஆச்சரியம், அதற்கே அடிவயிறு எழும்பியது.

“புர்ர்ர்ர்ரூம்ம்ம்ம்!”

முதல் தடவையே நன்றாக வந்தது. கடைசியில் கொஞ்சம் விசில். இன்னொரு முறை போட்டார், திருப்பத்தில் கியர் மாற்றுகிற இடமும் சேர்த்து.

அவர் வீட்டுக்குப் பின்பக்கம் ஒரு கதவு அவசரமாகத் திறந்து மூடியது. சமையலறை ஜன்னலில் நீல ஒளி எழுந்தது. கண்காணிப்பாளர் மூன்று நிமிடம் எண்ணி, செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்.

“வாங்க வாங்க. என்ன இன்னிக்கு லேட்டு? பயந்தே போயிட்டேன்,” என்றார் மனைவி.

“சிக்னல்ல கொஞ்சம் நின்னுட்டேன்,” என்று சொல்லிவிட்டு, வெதுவெதுப்பான நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அதன் காலடியில் ஒரு இஸ்பேட் ராஜா கிடந்தார். செருப்பு இல்லாத காலால் அவரை மெல்ல நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டார். டீ வந்தது. நாக்கு வெந்தது. இப்படி ஒரு சுகம்!

“உன் தம்பி எப்படி இருக்கான்?” என்றார்.

மனைவிக்குப் புரையேறியது. “யாரு... அவனா? இருக்கானே. எப்பவாவது போன் பண்ணுவான்.”

“ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு. முன்வாசல் வழியா வரச் சொல்லு.”

மறுநாள் காலை, மருத்துவமனையை ஒட்டிய பின்சந்தில் காரை நிறுத்தி இறங்கி, பதிவேட்டு அறை ஜன்னலுக்கு நேர் கீழே சுவரோடு ஒட்டி நின்று, பதிவேட்டுப் பிரிவின் கண்காணிப்பாளர் வாயால் அந்தச் சத்தத்தைப் போட்டார். மேலே கேரம் காய்களைப் பைக்குள் கொட்டுகிற ஓசை கேட்கும்வரை நிறுத்தவில்லை. அவருக்கு வயது ஐம்பத்து நாலு.